ஒரு கட்டைவிரல் குறைவு

ஜூன் 3, புதன். காலையிலிருந்தே புழுக்கம். ஒரு இலை அசையவில்லை.

மச்சான் திருடன். சந்தேகத்துக்கே இடமில்லை. கண்ணால் பார்த்தாகிவிட்டது.

பசாரில், நண்டு விற்கும் சீனக் கிழவியிடம். கூடை நிறையக் குட்டி நண்டு. கட்டியிருந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அக்காள் புருஷன் ஆறுமுகம் இடதுகைக்காரர். நீப்பா ஓலை நாரை இடப்பக்கமாகச் சுற்றி, முடிச்சைப் பின்கால்களுக்கு நடுவே செருகுவார். அவர் நண்டு பிடிக்கும் உப்பங்கழியில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. ஒரு நண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலோடு ஐந்து விரலையும் சேர்த்தால் வரும் அகலம், அதுதான் பேசி முடித்த அளவு. ஓடு நாலு விரலோடு நின்றுவிட்டது. ஒன்பது நண்டு அளந்தேன். ஒன்பதும் அப்படித்தான்.

கிழவி: "கெச்சில், மானிஸ்லா தம்பி!" சின்னதுதான் இனிப்பாம். வாங்குகிறாயா, இல்லை தடவிக்கொண்டே நிற்கப் போகிறாயா என்று அடுத்த கேள்வி. பின்னால் நின்றவன் சிரித்தான்.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அச்சகத்துக்குக் கால் மணி தாமதம். முதலாளி ராவுத்தர் கடிகாரத்தைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. இன்று கோர்த்தவை: ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு பேதி மருந்து விளம்பரம். மருந்து விளம்பரத்தில் ஆறு பொய். பிழை மட்டும் ஒன்றுமில்லை.

ஜூன் 4, வியாழன். பிற்பகல் பெருமழை. சூலியா ஸ்திரீட்டில் கணுக்கால் தண்ணீர்.

ஒப்பந்த நோட்டீஸ், நானே எழுத்துக் கோர்த்தது, மனப்பாடம்:

1. கீழே உள்ள கோட்டைவிடச் சின்ன நண்டு திரும்பத் தண்ணீருக்கு.
2. வயிற்றில் முட்டை ஒட்டிய பெண் நண்டு, எத்தனை பெரிசானாலும், தண்ணீருக்கு.
3. கழியின் வளைவுக்கு மேலே ஒருவரும் வலை வைக்கக் கூடாது.
4. மீறுபவன் வலை ஒரு மாதம் ஜெட்டி அருகே கெத்தாப்பாங் மரத்தில் தொங்கும். ஊர் பார்க்கும்.

மேலே தமிழ், கீழே ஜாவி எழுத்தில் மலாய், நடுவில் நண்டின் அளவைக் காட்டும் கோடு. கோடு என் யோசனை. அங்கே பதினாலு குடும்பத்தில் படிக்கத் தெரிந்தவர் மூன்று பேர். நண்டைக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்க எழுத்து வேண்டாமே. தோக் பெங்குலு, அந்த ஊர்த் தலைவர், அப்போது என் முதுகில் தட்டினார். பாக்காவ் மரத்தில் ஒரு குச்சி வெட்டி அளவுக்காக என்னிடம் கொடுத்தார்கள். வெட்டியவர் யார்? மச்சான். தன் பாராங் கத்தியால், தன் இடது கையால்.

இதெல்லாம் விளையாட்டு இல்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் பேர் வெட்டியபோது பாதிப் பேரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். "நான் பொறந்ததே தோட்டத்துல. எந்த ஊருக்குடா போவேன்?" என்றாள் அக்கா. எட்டுக் குடும்பம் கப்பலுக்குப் போகாமல் கழிமுகத்துக்கு வந்து மலாய்க்காரர்களோடு நண்டு பிடிக்கக் கற்றது. இப்போது நண்டு குறைகிறது என்று சர்க்கார் ஆபீசுக்கு எட்டிவிட்டது. ஊரே கழியைக் காப்பாற்றிக் காட்டினால் கழி ஊருக்கு. இல்லையென்றால் ஒரே ஆளுக்குக் குத்தகை. குத்தகைக்காரன் தன் ஆட்களைக் கொண்டுவருவான். குடிசைகள் போகும். பிறகு கப்பல்தான்.

இது மச்சானுக்குத் தெரியாதா? தெரிந்தே செய்கிறார். ஏழையை ஏழையே சுரண்டினால் துரையை எதற்குத் திட்ட வேண்டும்?

நாளை வெள்ளி, அச்சகம் லீவு. அக்காவுக்கு வாங்க வேண்டியவை: சீரகம், நூல்கண்டு, பால் டின் ஒன்று, பல்வலிக்கு கிராம்பு.

ஜூன் 5, வெள்ளி. வெயில். படகுத்துறையில் கூட்டம்.

பட்டர்வொர்த்தில் இறங்கி நடை. ஒரு காலணியின் அடி பெயர்ந்துவிட்டது.

அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். "வாடா, வக்கீலு. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? எவன அடிக்கப் போற?"

சொன்னேன். கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"நண்டப் பாத்தியா, மனுசனப் பாத்தியா? அவரு கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்க என்ன இருக்கு? அவரு முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"முடிச்சு தெரியும். வேற என்ன தெரியும் ஒனக்கு?"

தொழுகை முடிந்து எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் எப்போதும் அங்கேதான். நான் எழுந்து சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். கழியை விற்றுத் தின்கிறவர்கள் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது.

தோக் பெங்குலு மலாயில் கேட்டார்: "நிச்சயமா, தம்பி?"

"என் கையால் அளந்தேன், தோக்."

"குச்சி?"

"என் அறையில் இருக்கிறது."

மச்சான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, தமிழில்: "நோட்டீசுக் கோட்டுல வச்சுப் பாத்துத்தான் புடிச்சேன்."

"அந்தக் கோட்டப் போட்டதே நான். என்கிட்டயே சொல்றீங்களா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். கடைசிவரை திறக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவர் பாக் மாட் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எல்லார் வலையையும் தொங்கவிடணும்னா இந்த ஒரு மரம் பத்தாதுலா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திருட்டில் கூட்டு என்பதில் அத்தனை பெருமை!

ஆறு வலை. பிரம்பு வளைத்துக் கட்டிய சின்ன வலைகள், பிந்தோர் என்பார்கள். மச்சானே மரத்தில் ஏறித் தன் கையாலேயே கட்டிவிட்டு இறங்கினார். இடதுகை முடிச்சு.

அக்கா எனக்குச் சோறு போடவில்லை. போட்டிருந்தாலும் சாப்பிட்டிருக்க மாட்டேன். (சாப்பிட்டிருப்பேன். நல்ல பசி.)

திரும்பும் படகில் அந்தச் சர்க்கார் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்து மனிதர், கறை படாத வெள்ளைக் கோட்டு, மடியில் குடை. விசாரித்தார். தண்டனை கொடுத்தோம் என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்ப களவு நடக்குதெண்டு நீரே சொல்லுறீர். தம்பி, உங்கட ஆக்களால இது ஏலாத வேலை. குத்தகை கேட்டு ரெண்டு பேர் மனுக் குடுத்திருக்கினம். பத்தொன்பதாம் திகதி நான் நேர வாறன். கூடையைக் கொட்டிப் பார்ப்பன். கோட்டுக்குக் குறைஞ்ச நண்டு ஒண்டு கிடந்தாலும் எழுதிப் போடுவன்."

உங்கட ஆக்கள்! ஒரே மொழி, ஒரே படகு. அவர் பெஞ்சில், நான் கயிற்றுச் சுருளின் மேல்.

ஜூன் 9, செவ்வாய். மப்பு. மழை இல்லை.

படகில் வேலை செய்பவர் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அனுப்பியது. சீரகம், நூல்கண்டு, கிராம்பு, பிரிக்காமலே. பால் டின் மட்டும் இல்லை. பிள்ளை குடித்திருப்பான்.

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. சொல்லச் சொல்லல."

மச்சான் விறகு வெட்டக் கூலிக்குப் போகிறாராம். அக்கா சேற்றில் கெராங் சிப்பி பொறுக்குகிறாளாம், ஆறு மாதக் கர்ப்பத்தோடு. நியாயம் செய்தால் இப்படித்தான். யாரும் மாலை போட மாட்டார்கள். போகட்டும்.

தோக் சொல்லியனுப்பியதும் அதே ஆள் மூலம்: பத்தொன்பதாம் தேதிக்கு முன்னால் குச்சி வேண்டும். எங்கே வைத்தேன்?

தேட வேண்டும்: டிரங்குப் பெட்டி, எழுத்துப் பெட்டி அடியில், பாய்க்குக் கீழே.

ஜூன் 12, வெள்ளி. லீவு. போகவில்லை. நாள் முழுக்கத் தூக்கம், தலைவலி. குச்சி கிடைக்கவில்லை.

ஜூன் 15, திங்கள். விடிகாலையில் காற்றும் மழையும்.

குச்சி கிடைத்தது. இரண்டு மாதமாக என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க நானே முட்டுக் கொடுத்து வைத்தது. காற்றில் கழன்று தலையணையில் விழுந்தது.

சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பார்த்தேன். கையில் குச்சி. ஏதோ தோன்றி வைத்துப் பார்த்தேன்.

கோடு குட்டை.

ஒரு கட்டைவிரல் அகலம் குட்டை. நாலு முறை வைத்துப் பார்த்தேன். டிரங்கில் மிச்சமிருந்த நோட்டீஸ் மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். நாலு விரல், நாலு விரல், நாலு விரல்.

பசாரில் ஒன்பது நண்டு, ஒன்பதும் நாலு விரல். ஒன்றுகூட அதற்குக் குறையவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மச்சான் திருடன் இல்லை. கோட்டில் வைத்துப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்.

வேலைக்குப் போனேன். என்ன கோர்த்தேன் என்று நினைவில்லை.

ஜூன் 16, செவ்வாய். வெயில்.

மெஷின்மேன் அந்தோணி அண்ணனிடம் சண்டை.

"அண்ணே, நண்டு நோட்டீஸ்ல கோட்ட மாத்துனீங்களா?"

"எந்த நண்டு?"

காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஓ, இதா. நீ போட்ட கோடு இரும்புச் சட்டத்துல ஒக்காரல. துண்டுத் தாளுக்குச் சின்னச் சட்டம்தானே? அடுத்த சின்ன அளவு எடுத்துப் போட்டேன். அதுக்கு என்ன இப்ப?"

"அது அளவுண்ணே! நண்டு அளவு!"

"கோடு கோடுதான்டா. மேல் விசயத்தையும் கீழ் விசயத்தையும் பிரிக்கறதுக்குப் போடறது. முப்பது வருசமா நீட்டுறேன், குறைக்கிறேன். ஒரு கல்யாணம் நின்னுச்சா?"

"என்கிட்டக் கேக்கலாமில்ல?"

ஆணியில் குத்தியிருந்த பழைய புரூப் தாள் கட்டைப் புரட்டி உருவிக் கொடுத்தார். நண்டு நோட்டீஸ். குட்டைக் கோடு. ஒரு 'ன'வை 'ண'வாக மாற்றச் சொல்லி என் திருத்தம். கீழே என் கையெழுத்து.

"மாத்தினதுக்கு அப்புறம்தான் ஒன்கிட்ட வந்துச்சு. மூணு தடவ பாத்தேன்னு பெருமையா சொன்ன. என்னத்தப் பாத்த?"

எழுத்தைப் பார்த்தேன். அச்சுக் கோர்க்கிறவன் எவன் கோட்டைப் பார்க்கிறான்?

முதலாளியிடம் மறுபடி அடிக்கக் கேட்டேன். ஓசிக்கு ஒரு தடவை அடித்ததே போதும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். பேதி மருந்துக்கு இரண்டாவது பதிப்பு போகிறது.

ஜூன் 17, புதன். மறுபடி மழை.

நோட்டீஸ் வேண்டாம். தாளை எவனும் மாற்றலாம். எழுத்து வரிகளுக்கு இடையே இறுக்க வைக்கும் பழைய மரக்கட்டைகள் அச்சகத்தின் மூலையில் குவிந்து கிடக்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் எடுத்து, குச்சி அளவுக்கு அறுத்தேன். குடும்பத்துக்கு ஒன்று, பதினாலு. ஒவ்வொன்றையும் குச்சியோடு வைத்துப் பார்த்தேன், பதினாலையும் நிறுத்தி ஒன்றாகவும் பார்த்தேன். இடது கட்டைவிரலில் ரம்பம் பட்டது. பொருத்தம்தான்.

அந்தோணி அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கந்தைத் துணி ஒன்று கொடுத்தார், விரலுக்கு. "கட்டைத் திருட்டுக்கு என்னடா தண்டனை? மரத்துல தொங்க விடுவாங்களா?"

சொல்ல வேண்டியவை:
தோக்கிடம்: கோடு தவறு, தவறு என்னுடையது.
ஊரிடம்: இனி கட்டைதான் அளவு.
மச்சானிடம்:

ஜூன் 18, வியாழன். இருமல். நாளை கிராணியும் வருகிறார், நானும் போகிறேன். அவருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

ஜூன் 19, வெள்ளி. வெயில், உப்புக் காற்று.

முன்னால் போய்ச் சேரவில்லை. படகு தாமதம். நான் போனபோது கிராணி ஜெட்டியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தாகிவிட்டது. மூன்று கூடையைப் பலகையில் கொட்டியிருந்தார்கள். கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீசின் மேல், பாக் மாட் ஒவ்வொரு நண்டாகப் பிடித்துக் காட்ட, கிராணி குனிந்து குனிந்து பார்த்தார்.

எல்லாம் கோட்டைத் தாண்டியது. மயிரிழை தாண்டியது. குச்சியளவு ஒன்றுகூட இல்லை.

என் தோளில் சாக்கு, சாக்கில் பதினாலு கட்டை. வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அக்கா. முழங்கை வரை சேறு.

"தொறக்காத" என்றாள், உதடு அசையாமல். "இன்னைக்கு மட்டும் தொறக்காதடா."

திறக்கவில்லை. எழுதவே வெட்கம். பேச வேண்டாத இடத்தில் அத்தனை பேசியவன், பேச வேண்டிய இடத்தில் கட்டிப்போட்ட நண்டுபோல் கிடந்தேன்.

கிராணி ஏதோ குறித்துக்கொண்டார். மரத்தில் தொங்கிய வலைகளையும் பார்த்தார். "களவுக்குத் தண்டனையும் நடக்குது. பரவாயில்லை, ஒழுங்காத்தான் இருக்கு. ஆறு மாசத்தால திரும்ப வருவன்." சைக்கிளில் ஏறிப் போனார். எனக்கும் ஒரு தலையசைப்பு.

சாக்கைக் கொட்டினேன். பலகையில் கட்டைகள் விழுந்த சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள். சொன்னேன். கோடு குட்டை. இரண்டு மாதமாகக் கழியிலிருந்து போன குட்டி நண்டெல்லாம் என் கணக்கு. மச்சான் மேல் நான் சொன்னது பொய். வலையை இறக்குங்கள்.

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

பாக் மாட்தான் கடைசியில்: "கோடு குட்டைன்னு எங்களுக்குத் தெரியாதா? ஒட்டின அன்னைக்கே தெரியும்லா. குச்சி வெட்டினப்ப எல்லாரும் கையில வாங்கிப் பாத்தோமே."

"தெரிஞ்சு ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நீதான் எங்களுக்காகக் குறைச்சுப் போட்டேன்னு நெனச்சோம். அக்கா வீடு இங்க, பாவம், கொஞ்சம் எளக்கம் பாத்திருக்கான், நல்ல பையன். அப்படித்தான் பேசிக்கிட்டோம். அப்புறம் அதே பையன் வந்து சொந்த மச்சானையே மாட்டிவிடறான். பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பாத்தோம்."

நான் மச்சானைப் பார்த்தேன். மரத்தடியில் நின்றார். அக்காதான் பேசினாள். "அன்னைக்கு அவரு வாயத் தொறந்திருந்தா, கோட்டத் திருடினவன்னு தோக் முன்னால நிக்க வேண்டியது நீ. கோட்டப் போட்டதே நான்னு நெஞ்ச நிமித்திச் சொன்னியே. அதனாலதான் மூடிக்கிட்டாரு. போதுமா?"

தோக் பெங்குலு ஒரு கட்டையை எடுத்தார். தன் கையில் வைத்துப் பார்த்தார். என் பழைய குச்சியையும் வாங்கிக்கொண்டார். "இறக்குங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தொழுகைக்குப் போனார். அவருக்கும் தெரிந்திருந்ததா? அவர் முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளையிலேருந்து இதுதான் அளவு" என்றேன். "வீட்டுக்கு ஒண்ணு எடுங்க."

"இதுல வச்சுப் பாத்தா கூட மொத்தமும் திரும்பத் தண்ணிக்குப் போயிரும். அப்புறம் நீ வந்து ஒல வைப்பியா?" யார் கேட்டது என்று பார்க்கவில்லை.

"இப்படியே புடிச்சா அடுத்த வருசம் கூடையே இருக்காது. கிராணி ஆறு மாசத்துல வருவாரு. அப்ப எதக் கொட்டிக் காட்டுவீங்க?"

கலைய ஆரம்பித்தார்கள். பாக் மாட் ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தார், வழவழப்பாக இருக்கிறது என்றார், அங்கேயே வைத்துவிட்டார். பலகையில் பதின்மூன்று. தோக் எடுத்தது ஒன்று.

மச்சான் மரத்தில் ஏறி ஆறு வலையையும் இறக்கினார். வெயிலில் நூல் விறைத்துப்போயிருந்தது. தண்ணீரில் நனைத்து, கால் நீட்டி உட்கார்ந்து, இரைக்குச் சுறாத் தலையைத் துண்டு போட்டு ஒவ்வொரு வலையிலும் கட்டத் தொடங்கினார். இடதுகை முடிச்சு. கழியில் கடல்நீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு போய் எதிரில் குந்தினேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"நீங்க வெட்டுன அளவுதான் மச்சான் இது. முதல்ல நீங்க வாங்குங்க. நீங்க வாங்கினா மத்தவங்க வாங்குவாங்க. புடிங்க."

மூன்றாவது வலைக்குக் கட்டினார். நாலாவது.

"புடிங்க மச்சான்."

ஐந்தாவது வலையை எடுத்தார்.